ஒரே காட்டில் எஞ்சிய உயிர்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பெயர்களை நம் மாணவர்கள் கடகடவென ஒப்பிப்பார்கள். ஆனால் ஓர் உயிரினம் எப்படி அழிவின் விளிம்புக்குச் செல்கிறது, எப்படி மீள்கிறது? இரண்டையும் சேர்த்துக் காட்ட ஆஸ்திரேலியாவின் வடக்கு முடிமூக்கு வாம்பாட் நல்ல எடுத்துக்காட்டு.

இது கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் பாலூட்டி. எடை சுமார் 30 கிலோ. பகலில் வளைக்குள் உறங்கி, இரவில் புல் மேயும். வளை தோண்டும்போது குட்டியின் மேல் மண் விழாதபடி பையின் வாய் பின்புறம் திறந்திருக்கும். தகவமைப்பை விளக்க இது ஒன்றே போதும்.

ஐரோப்பியர் குடியேறிய பின் மாடு, ஆடு, முயல் எல்லாம் இதன் புல்லுக்குப் போட்டியாக வந்தன. வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1980களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தின் எப்பிங் காட்டில் மட்டும் ஏறத்தாழ 35 வாம்பாட்டுகளே எஞ்சின. 1982இல் மாடுகள் நுழையாமல் வேலியிட்டதும் எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. பிறகு டிங்கோ நாய்கள் புகுந்து பத்து வாம்பாட்டுகள் வரை கொன்றன. 2002இல் 20 கிலோமீட்டர் நீள வேலி எழுந்தது. 2009இல் செயின்ட் ஜார்ஜ் ஊருக்கு அருகே இரண்டாவது வாழிடம் உருவானது. இன்று 300க்கு மேல் உள்ளன.

வளை வாயிலில் ஒட்டும் நாடா கட்டி, அதில் சிக்கும் முடியின் டி.என்.ஏ.வைக் கொண்டு இவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். விலங்கைப் பிடிக்கவே வேண்டியதில்லை.

ஆபத்து நீங்கிவிடவில்லை. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியதால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். ஒரு நோயோ காட்டுத்தீயோ பெரும்பகுதியை அழித்துவிடலாம்.

இன்னொரு எதிரி நமக்குப் பழக்கமானது: கொழுக்கட்டைப் புல். காங்கேயம் கொறங்காட்டில் மாடுகளுக்கு உயிர் கொடுக்கும் அதே புல், தீவனத்துக்காக ஆஸ்திரேலியா சென்று, அங்குள்ள புற்களை நெருக்கி, தீயையும் மூர்க்கமாக்குகிறது. புல் நல்லதா, கெட்டதா என்று வகுப்பில் கேளுங்கள். “எங்கே?” என்று மாணவர் திருப்பிக் கேட்டால், சூழலியலின் அடிப்படை அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து, “வேலி மட்டும் போட்டிருந்தால் போதுமா? இரண்டாவது வாழிடம் எதற்கு?” என்று குழுக்களாகப் பேசவிடுங்கள். ஐந்து மதிப்பெண் விடைக்குள் அடங்காத சிந்தனை அங்கே பிறக்கும்.