வாடகை இல்லாத வீட்டின் விலை

1963 முதல் பிலிமத்தலாவையில் இயங்கும் இந்த இறையியல் கல்லூரியில் பட்டம் பெறும் உங்களில் பலர் மலையகத் தோட்டங்களுக்குப் பணிசெய்யப் போகிறீர்கள் என்பதால், உங்களிடம் ஒரு வரைபடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பேரிடர் வந்தால் எந்தப் பகுதி மக்கள் மீள முடியாமல் தவிப்பார்கள் என்று காட்டும் வரைபடத்தை அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் வெளியிடுகிறது. இனச் சிறுபான்மை நிலையும் வீட்டுச் செலவும் அதன் அளவைகளில் சேரும். வருமானம் குறைந்த குடும்பம் தன் வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வீட்டுக்கே கொடுத்தால் அது சுமை. இந்த அளவையை நம் தோட்டங்களில் அப்படியே வைத்தால் சுமையே இல்லை என்றுதான் தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயக்காம்பராவுக்கு வாடகை கிடையாதே! பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். ஆனால் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இல்லை. சுவரைத் தள்ளிக் கட்டத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வங்கியில் ஈடு வைக்கவும் ஒன்றுமில்லை. வாடகையை விடக் கனமான சுமை இது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணின் ஆபத்து தெரிந்தே இருந்தது. எழுந்து போய்க் குடியேற ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமாக இல்லாதவர்களின் நிலைதான் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இத்தகைய வரைபடத்தை இங்கேயும் வரைந்து அதில் இனத்தைக் குறித்தால் பிரிவினை வளரும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. 1983இல் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலோடு தமிழரின் வீடு தேடி வந்தன. ஆகவே வீடு வீடாகக் குறிக்க வேண்டாம், கிராம அலுவலர் பிரிவு அளவில் குறித்தால் போதும். மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். காணியின்மைக்கு அந்த வரலாறும் காரணமாக இருக்கும்போது இனத்தை மட்டும் மறைப்பது காரணத்தையே மறைப்பதாகும். அளவையை மாற்றி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அரசின் கணக்கே பதில்: 2016இல் தோட்டப்புற வறுமை 8.8 சதவீதம், வறுமைக் கோட்டைத் திருத்திக் கணக்கிட்டபோது 2019இல் அது 33.8. மூன்று ஆண்டில் இத்தனை பேர் புதிதாக ஏழையாகிவிடவில்லை.

நீங்கள் போகும் லயத்தில் உறுதி யார் பெயரில் இருக்கிறது, தோட்ட வேலை நின்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று கேளுங்கள். கேட்டதை எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள்.