கண்ணிலா முதியவரும் பெயரிலா நண்பனும்



'பிராங்கன்ஸ்டைன்' என்றவுடன் நம்மிற் பலர் ஒரு பூதத்தையே நினைக்கின்றோம். அது பூதத்தின் பெயரன்று. அதனைப் படைத்துவிட்டு, உயிர்பெற்ற அதன் முகங் கண்டதும் அஞ்சியோடிய மாணவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்கோ பெயரே இல்லை. மேரி ஷெல்லி அம்மையார் 1816ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதில், எழுதத் தொடங்கி 1818இல் வெளியிட்ட அந்த நாவலிலே ஒரு குடிசையைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகின்றோம்.

ஜேர்மனியில், காட்டோரக் குடிசையொன்றில், டி லேசி என்னும் கண்ணிழந்த வயோதிபர் மகன் பீலிக்ஸுடனும் மகள் அகதாவுடனும் வாழ்கின்றார். அருகே ஒட்டிய கொட்டிலிலே பெயரிலாதவன் ஒளிந்திருக்கின்றான். சுவர் வெடிப்பினூடே பார்த்தும் கேட்டுமே பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொள்கின்றான். அவர்கள் வறியவர்கள் என்றறிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்துகின்றான்; இரவில் விறகு சேர்த்து வாசலில் வைக்கின்றான். ஏதோ நல்ல தேவதையின் செயலென்று அவர்கள் வியக்கின்றனர்.

இளையோர் வெளியே சென்ற ஒருநாள் அவன் கதவைத் தட்டுகின்றான். வயோதிபர் உள்ளே அழைக்கின்றார். முகத்தைப் பார்த்து மதிப்பிடத் தம்மால் இயலாதெனினும், அவன் சொல்லில் உண்மை ஒலிப்பதாகக் கூறி உதவ முன்வருகின்றார். கண்ணில்லாமையே இதற்குக் காரணமென எண்ணிவிடலாகாது. திருதராட்டிரனுக்கும் கண்ணில்லை, அவன் வீமனைத் தழுவக் கைநீட்டியது நசுக்குவதற்கன்றோ!

காலடியோசை கேட்கிறது. அவன் முதியவரின் கையைப் பற்றி, தான் தேடிவந்த நண்பர்கள் அவர்களே என்கின்றான். அவர் திடுக்கிட்டு, நீ யாரென்று கேட்கின்றார். விடை கூறுமுன் பீலிக்ஸ் புகுந்து தடியால் அடிக்கின்றான். அவனைக் கிழித்தெறியும் வலிமையிருந்தும் அடிபட்டவன் திருப்பி அடிக்கவில்லை.

இந்தப் பீலிக்ஸ் யார்? பாரிஸ் நகரிலே அநீதியாகத் தண்டிக்கப்பட்ட துருக்கியனொருவனைச் சிறையிலிருந்து தப்புவித்து, அதனாற் செல்வமும் நாடும் இழந்தவன். அவனைத் தீயவனென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. தந்தையின் காலடியில் அத்தகைய உருவத்தைக் கண்டால் நம்மில் எவர் விசாரித்துக்கொண்டு நிற்போம்?

முதியவர் பின்னர் மகனிடம் என்ன சொன்னாரென்று ஆசிரியை எழுதவில்லை. இரண்டு நாட்களின் பின் பீலிக்ஸ், தந்தையின் உயிருக்கு ஆபத்தென்று வீட்டுக்காரனிடம் கூறிக் குடிசையை விட்டுப்போகின்றான். அன்றிரவு, விறகு கொணர்ந்த அதே கைகள் வெறுங்குடிசையைச் சுற்றி வைக்கோலையும் புதர்களையும் குவித்துத் தீ மூட்டின.