க்ளிவிட்ஸே மரக் கோபுரம்



போலந்து நாட்டின் தென்பகுதியில், க்ளிவிட்ஸே என்னும் நகரில், 111 மீட்டர் உயரமுள்ள மரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஐரோப்பாவிலுள்ள மரக் கட்டுமானங்களுள் மிக உயரமானது இதுவே என்பர். 1935ஆம் ஆண்டில் மத்திய அலை ஒலிபரப்புக்காக எழுப்பப்பட்டது. அந்நாளில் அந்நகரம் ஜெர்மனியைச் சேர்ந்தது; போலந்தின் எல்லை அருகிலேயே இருந்தது.

மரத்தால் ஏன் கட்டினார்கள்? அலைகளைப் பரப்பும் கம்பி, கோபுரத்தின் நடுவே செங்குத்தாகத் தொங்கிற்று. சுற்றிலும் இரும்புச் சட்டங்கள் இருந்தால், அவை அலையின் சக்தியில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே, எளிதில் உளுத்துப்போகாத லார்ச் மரத்தைத் தேர்ந்து, 16,000க்கும் மேற்பட்ட பித்தளைத் திருகாணிகளால் பிணைத்தார்கள்.

இத்துணை நுட்பமாக அமைந்த நிலையத்தை ஒரு பெரும் பொய்க்குக் கருவியாக்கினார்கள். 1939 ஆகஸ்டு 31ஆம் தேதி இரவு, நௌயொக்ஸ் என்ற நாஜி அதிகாரியின் தலைமையில் சிலர், போலந்துக்காரர்களைப் போல நடித்து உள்ளே புகுந்தனர். நிலையம் போலந்தின் வசமாகிவிட்டது என்று போலிஷ் மொழியில் உலகுக்கு அறிவிப்பதே அவர்கள் எண்ணம். ஆனால் அங்கே ஒலிப்பதிவுக் கூடம் இல்லை; நிகழ்ச்சிகள் வேறு நகரிலிருந்து தந்திக் கம்பி வழியே வந்தன. அவசர அறிவிப்புக்கென இருந்த ஒலிவாங்கியே கைக்குக் கிட்டிற்று. அதனால் ஒருசில சொற்களே காற்றில் ஏறின.

அந்தப் பொய்க்குச் சாட்சியாக ஒரு மனித உடலும் தேவைப்பட்டது. போலந்தின்பால் அன்புகொண்டிருந்த ஃபிரான்சிஷெக் ஹோனியோக் என்பவரை முன்னதாகவே கைது செய்திருந்தனர். அவரைக் கொன்று அங்கே கிடத்தினர். மறுநாள் விடியற்காலை ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிற்று. 1945ஆம் ஆண்டில், நியூரம்பெர்க் விசாரணைக்காக அளித்த வாக்குமூலத்தில், நௌயொக்ஸ் இந்தச் சூழ்ச்சியைத் தாமே ஒப்புக்கொண்டார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மை இச்செய்தி ஆழ்ந்து வருத்துகிறது. ஒருவர் கருத்தை இன்னொருவர் உணரச் செய்வதற்கே நாம் பிறமொழி கற்கிறோம். அவர்களோ அண்டை நாட்டார் மீது பழி சுமத்துவதற்கு அவர்தம் மொழியையே வேஷமாகப் பூண்டனர். வானொலியில் பேசுபவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. குரலை நம்பியே கேட்கிறோம். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் களவாட முயன்றனர்.

யுத்தத்துக்குப்பின் நகரம் போலந்தைச் சேர்ந்தது. 1955ஆம் ஆண்டு வரை அங்கிருந்து போலிஷ் வானொலி ஒலித்தது. பின்னர்ச் சிறிது காலம், மேல்நாட்டு ஒலிபரப்புகளை மக்கள் கேட்கவொட்டாமல் இரைச்சல் எழுப்பவும் அதே கோபுரம் பயன்பட்டது. ஒரு காலத்தில் பொய்யைச் சொன்ன கம்பி, மற்றொரு காலத்தில் பிறர் சொல்லை மறைத்தது.

இன்று நிலையக் கட்டடம் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 2017ஆம் ஆண்டில் போலந்து அரசு இதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அங்குச் செல்வோர் கோபுரத்தை அண்ணாந்து வியப்பதோடு, ஹோனியோக்கின் முடிவையும் அறிந்து திரும்புகின்றனர். செய்தியைக் கேட்டவுடன், 'இதைச் சொல்பவர் யார்?' என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் அனைவருக்கும் நலம் பயக்கும்.