வினிகர்தானே என்று ஊற்றுகிறோம்

அமெரிக்காவில் 1992-ல் இத்தாலியன் டிரெஸ்ஸிங்கை முந்தி ரான்ச் முதலிடம் பிடித்தது. ரான்ச் என்பது மோரும் மயோனைஸும் கலந்தது. கடைப் பாட்டிலில் இரண்டு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 130 கலோரி. அதற்குப் பயந்து நாம் வினிகர் பக்கம் ஓடுகிறோம்.

ஆனால் பழைய பிரெஞ்சு முறைப்படி மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்று வீட்டிலே கலக்கினால், அதே இரண்டு கரண்டியில் சுமார் 180 கலோரி! புளிப்பு எண்ணெயை மறைத்துவிடுகிறது. கடையில் விற்கும் இத்தாலியனில் தண்ணீர் அதிகம், கலோரி குறைவுதான். உப்போ குறைவதில்லை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளில் சோடியத்தைப் பாருங்கள்.

எண்ணெயே கூடாது என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். காரட்டிலுள்ள கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதனால் இப்போது நாங்கள் பாட்டிலைச் சாய்ப்பதில்லை, கரண்டியால் அளந்தே ஊற்றுகிறோம்.