அணுவுலையும் அனுமதிப் பத்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் எனக்குத் தந்த விஷயம் அணுசக்தி. அணுவைப் பிளக்கும் விதத்தை நீங்கள் பாடப் புத்தகங்களிற் படித்திருப்பீர்கள். நான் பேச வந்தது, அணுவுலைக்குக் கொடுக்கப்படும் அனுமதிப் பத்திரத்தைப் பற்றி. இது வெறும் கந்தோர்க் காகித விஷயமல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சுன்னாகத்துக் கிணறுகளை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். மின்சார நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த அந்த வழக்கிலே, நமது உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரிலில் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி நிலையத்தை நடத்திய கம்பனிக்குக் கட்டளையிட்டது. மேற்பார்வை செய்ய வேண்டிய ஸ்தாபனங்கள் கடமையிற் தவறியதையும் எடுத்துக்காட்டியது. எண்ணெய் கசிவதற்கு முன்னரே காகிதத்திலே கசிவு உண்டாகிவிட்டது என்பேன்.

மின்சாரம் வேண்டாம் என்பவன் அல்லேன். 1990களில் குப்பி விளக்கு வெளிச்சத்திற் படித்த தலைமுறை இந்தச் சபையில் இருக்கிறது. அவர்களுக்கு மின்சாரத்தின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

இப்பொழுது கடலுக்கு அப்பால் வாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கற்பிட்டிக் கரைக்கு இன்னும் கிட்ட. அங்கே ஒவ்வொன்றும் 1000 மெகாவாற்று வலுவுடைய இரண்டு உலைகளை நிறுவ, 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கொர்பச்சோவும் உடன்படிக்கை செய்தனர். 1989-இல் சுற்றாடல் அனுமதி கிடைத்தது. பின்னர் சோவியத் நாடே கலைந்து போயிற்று. 1998-இல் ருஷ்யாவுடன் மறுபடியும் உடன்படிக்கை செய்து, 2002-இல் வேலை தொடங்கினார்கள். முதலாம் உலை 2013 யூலையிலே அணுத்தொடர்வினையை அடைந்தது.

இந்த இடைக்காலத்தில் இரண்டு பெரிய காரியங்கள் மாறின. எரிந்து முடிந்த எரிபொருளைச் சோவியத் நாட்டுக்கே திருப்பி அனுப்புவது என்பது முதல் ஏற்பாடு. 1998-க்குப் பின் அது இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. எரிந்து முடிந்தது என்ற சொல்லைக் கேட்டு அடுப்புச் சாம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். உலையிலிருந்து எடுத்த பின்னரும் அது சூடு தணியாது பல வருஷங்கள் நீர்த்தடாகத்தில் அமிழ்ந்து கிடக்கவேண்டும். அதன் கதிர்வீச்சோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு மனிதன் அணுகத்தகாதது. மற்றது நன்னீர். பேச்சிப்பாறை அணையிலிருந்து கொண்டுவருவது என்றிருந்தது, கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது என்று மாறியது.

விவசாயிக்கு அணைநீர் மிஞ்சுவதால் இரண்டாவது மாற்றம் நல்லதென்றே சொல்லலாம். ஆனால் நன்மையோ தீமையோ, 1989-இல் அனுமதி பெற்ற திட்டமும் கட்டி முடிந்த திட்டமும் ஒன்றல்ல. அப்படியானால் புதிதாகப் பரிசீலனை நடத்தி, அயற்சனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டாமா? வழக்காடியவர்கள் எழுப்பிய வினாக்களுள் இது முக்கியமானது. 2011 மார்ச்சில் ஜப்பானிலே புக்குஷிமா விபத்து நேர்ந்தபின், இடிந்தகரை மீனவர்கள் தம் மாதா கோயில் முன்றலிற் கூடியிருந்து போராடியதை நீங்கள் அறிவீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2012 ஓகஸ்ட் 31-இல் வழக்கைத் தள்ளியது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் 2013 மே 6-இல் தீர்ப்பளித்தார்கள். பொதுமக்கள் விசாரணையைக் கட்டாயமாக்கிய விதிகள் 1989-க்குப் பின் வந்தவை. ஆதலால் பழைய அனுமதி செல்லும் என்றார்கள். அதே சமயம் 15 கட்டளைகளையும் விதித்தார்கள். உலை இயங்குமுன் பாதுகாப்பு நிறைவேறியதென்று அறிக்கை கொடுக்கவேண்டும். போராடியவர்கள்மீதுள்ள குற்ற வழக்குகளை மீளப்பெற முயலவேண்டும் என்பன அவற்றுட் சில.

சட்டத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது. மனம் மட்டும் முழுதாக ஒப்பவில்லை. கோயிற் திருப்பணி என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதலிற் கும்பாபிஷேகம் ஆனதுதானே என்று நினைத்தபடி இடித்துக் கட்டுகிறோமா? பாலஸ்தாபனம் செய்து, வேலை முடித்து, மறுபடியும் கும்பாபிஷேகம் செய்த பிறகே மூலஸ்தானக் கதவு திறக்கிறது. மாற்றம் பெரிதானால் கிரியையும் புதிது.

அணுவுலை விஷயத்திலும் இந்த முறை ஏட்டிலே இல்லாமலில்லை. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறைச் சபை இடம் தெரிவு, கட்டுமானம், இயக்கத் தொடக்கம், இயக்கம் என்று படிப்படியாக அனுமதி கொடுக்கிறது. இயக்க அனுமதி வழக்கமாக 5 வருஷத்துக்கு; 10 வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பாதுகாப்பு மீளாய்வு. இடையில் பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றம் எதையும் சபையின் சம்மதமின்றிச் செய்யலாகாது. குறை வேறிடத்தில் இருந்தது. 1983-இல் அமைந்த இச்சபை, அணுசக்தி ஆணைக்குழுவுக்குக் கீழ்ப்பட்டிருந்தது. அந்த ஆணைக்குழுவின் தலைவரே அணுசக்தித் திணைக்களத்தின் செயலாளர். அதாவது, பரீட்சை எழுதுபவரின் வீட்டிலே பரீட்சகர் குடியிருந்தார்! இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2012-இல் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். தனிச்சபை அமைக்க 2011-இற் கொண்டுவந்த மசோதா 2014-இற் பாராளுமன்றத்தோடு காலாவதியாயிற்று. 2025 டிசம்பரிலேதான் புதிய சட்டம் நிறைவேறிச் சபைக்குச் சட்ட அந்தஸ்து வந்தது.

எரிந்த எரிபொருளின் கதையும் முடியவில்லை. உலைக்குப் புறம்பான சேமிப்பிடத்தைக் கட்ட விதித்த 5 வருஷம் 2018-இல் தீர்ந்தது. நீதிமன்றம் 2022 ஏப்ரில் வரை தவணை நீட்டியது. அந்தச் சேமிப்பிடத்துக்காக 2019 யூலை 10-இல் இராதாபுரத்திலே நடப்பதாக இருந்த பொதுமக்கள் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

இராதாபுரத்து விசாரணையிலே நெடுந்தீவு மீனவனுக்கோ மன்னார் மீனவனுக்கோ ஆசனம் இல்லை. கதிர்வீச்சோ கடவுச்சீட்டுக் கேளாது. 1986 ஏப்ரில் 26-இல் செர்னோபிலில் வெடித்ததை, இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த சுவீடன் நாட்டு அணுமின் நிலையத்திலேதான் முதலிற் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். புதிய உலைக்கு இடம் தெரியும்போது, பாதிக்கப்படக்கூடிய அயல்நாட்டைக் கலந்தாலோசிக்க வேண்டும், கேட்டால் விவரம் கொடுக்கவேண்டும் என்று சர்வதேச அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதிற் சேர்ந்தவை. கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்கவேண்டியது கொழும்பு, கொழும்பைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் கரையோரத்தில் இருக்கும் நாம்.

இலங்கையும் அணுமின்சாரம் வேண்டுமா என்று ஆராய்ந்து வருகிறது. 2022-இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து ஆயத்தங்களைப் பார்வையிட்டது. 2014-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறுவேறாக்கியிருக்கிறது. இந்த ஒன்றில் நாம் இந்தியாவுக்கு முந்திக்கொண்டோம். அச்சட்டம் தமிழிலும் அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதி வாங்கி நமது வாசிகசாலையில் வைக்கும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன். அனுமதிப்பத்திரம் கொடுத்தல், மாற்றுதல், இரத்துச் செய்தல் பற்றிய பிரிவுகளை அடுத்த மாதக் கூட்டத்திலே வாலிபர் இருவர் வாசித்து விளக்குவார்களானால் நானும் வந்திருந்து கேட்பேன்.