முதலில் தோட்டா, பிறகுதான் துப்பாக்கி



கௌபாய் படங்களில் கதாநாயகன் துப்பாக்கியின் அடியிலுள்ள வளையத்தைச் சடக்கென்று தள்ளி இழுத்து, அடுத்தடுத்துச் சுடுவானே, அதுதான் லீவர் ரைஃபிள். வளையம் இறங்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். ஏறும்போது புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873, 1894 மாடல்கள் இதில் பேர்போனவை. அமெரிக்காவில் இன்றும் இதைச் சுடுதளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

அடிக்கடி சுடுகிறவர் எதை வாங்குவது? மரக்கட்டையின் பளபளப்பில் மயங்காமல் தோட்டாவிலிருந்து தொடங்குவதே நல்லது. துப்பாக்கிக்குச் செலவு ஒருமுறை. தோட்டாவுக்கோ ஒவ்வொரு முறையும்.

1895-இல் வந்த 30-30 தோட்டா மான் வேட்டைக்குப் பெயர் பெற்றது. தினப் பயிற்சிக்கு அதை வைத்துக்கொண்டால் காசும் கரையும், தோளும் நோகும். 22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா மலிவு, உதையும் தெரியாது. ஆனால் பெரிய வேட்டைக்கு உதவாது.

இரண்டுக்கும் நடுவே நிற்பது 1935-இல் வந்த 357 மேக்னம். பழைய 38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டிச் செய்தது. அழுத்தம் தாங்காத பழைய ரிவால்வர்களில் அது நுழைந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நீளம். ஆனால் 357 ரைஃபிளில் 38 தாராளமாகப் போகும். பயிற்சிக்கு மென்மையான 38, வேட்டைக்கு வலுவான 357, துப்பாக்கி ஒன்றே.

ஒரு சங்கடம் உண்டு. குட்டையான 38-ஐயே சுட்டுக்கொண்டிருந்தால் தோட்டா அறையின் முன்பக்கம் கரி வளையமாகப் படியும். துடைக்காமல் விட்டால், நீளமான 357 உள்ளே போக முரண்டு பிடிக்கும். சில ரைஃபிள்களில் 38 சரளமாக ஏறுவதுமில்லை. வாங்குமுன் விசாரிக்க வேண்டும்.

பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றின் மூக்கு, முன்னதன் பின்புறமுள்ள பிரைமர் என்னும் வெடிமூட்டியில் முட்டியிருக்கும். மூக்கு கூரான உலோகமாக இருந்தால், சுடும் அதிர்ச்சியிலேயே வெடித்துவிடலாம். ஆகவே அங்கே பெரும்பாலும் தட்டை மூக்குத் தோட்டாவே போடுவார்கள்.

பார்வை மங்கியவர்கள் தொலைநோக்கி பொருத்த நினைப்பார்கள். பழைய வின்செஸ்டர் வெற்றுக்கூட்டை மேல்பக்கம் வீசும், தொலைநோக்கிக்கு இடைஞ்சல். 1948-இல் வந்த மார்லின் 336 ரைஃபிளோ அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

இவ்வளவும் பார்த்தபின், வாங்க நினைப்பவர் தோட்டாக் கடைக்கு முதலில் போகட்டும். ஒரு பெட்டியின் விலையைக் கேட்டு, மாதத்துக்கு எத்தனை பெட்டி தாங்கும் என்று கணக்குப் போட்டால், எந்த ரைஃபிள் என்பது பாதி முடிவாகிவிடும்.