துயிலும் மறதிநோயும்
(சங்க மாதக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து அன்பரொருவர் அண்மையில் என்னை வினவினார். முதுமையெய்திய அவர்தம் தந்தையார், தம் வீட்டையே அறியாது திகைக்கின்றாராம். "இஃது எங்கள் இரத்தத்தோடு வருவதோ? பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில் இதனை மறைத்தல் வேண்டுமோ?" என்றார். யான் வைத்தியனல்லேன், தமிழாசிரியன். ஆயினும் கற்றறிந்தவற்றைக் கூறுவேன்.

பொருளை வைத்த இடத்தை மறத்தல் யாவர்க்கும் உண்டு. அப்பொருள் எதற்கென்பதையே மறத்தல் நோய். டிமென்ஷியா எனப்படும் இந்நோய் பலவகைத்து. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதனை ஜெர்மனி தேசத்து வைத்தியர் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தார். அதனால் அது அவர் பெயரையே பெற்றது. இந்நோயில் அமைலாய்டு என்னும் புரதம் மூளையிற் படியும். டௌ என்னும் புரதம் நரம்பணுக்களினுள்ளே நூற்சிக்குப்போல் முறுக்கிக்கொள்ளும். கடற்குதிரை வடிவினதாய், நினைவுக்கு வாயிலாய் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சுருங்கும். இப்படிவு, நோய் வெளிப்படுதற்குப் பதினைந்து இருபதாண்டு முன்னரே தொடங்கும். ஆதலின், இன்று நலமாயிருப்பார்க்கே இப்பேச்சு.

இனிக் குலவழியைப் பற்றிய கேள்வி. அபோ-ஈ என்னும் ஜீன் மூன்று வடிவினது. தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக ஒவ்வொருவர்க்கும் இரண்டு உண்டு. அவற்றுள் நான்காம் எண் பெற்ற வடிவம் இந்நோயின் அபாயத்தை மிகுவிக்கும் என்பதனை அமெரிக்காவில் ட்யூக் சர்வகலாசாலையார் 1993-இல் கண்டனர். மேனாட்டுக் கணக்கின்படி, அதில் ஒன்றுடையார்க்கு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அதனையுடையாருட் பலர் இறுதிவரை தெளிவோடு வாழ்கின்றனர். அஃதில்லாதார் பலர் நோயுறுகின்றனர். ஆகவே இதனைக் குலக்கேடென்று கருதி வரன் பேச்சில் ஒளிப்பதற்கு நியாயமேயில்லை.

இவ்விடத்தேதான் துயில் வந்து புகுகின்றது. சிகாகோ நகரத்து ரஷ் ஆராய்ச்சியாளர், மறதிநோயில்லாத முதியோர் 698 பேர் மணிக்கட்டில் கடிகாரம்போன்ற கருவியைப் பூட்டி, அவர்தம் உறக்கத்தை அளந்து, பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். 2013-இல் வெளிவந்த முடிபு யாதெனின், இடையறாது உறங்கியவரிடம் அந்நான்காம் வடிவத்தின் தீங்கு தணிந்திருந்தது என்பதே. இறந்தோரின் மூளையைச் சோதித்தபோதும், டௌ சிக்கல் அதற்கேற்பவே காணப்பட்டது.

காரணம் யாது? துயிலும் எலிகளின் மூளையில் அணுக்களிடை வெளி 60 சதவிகிதம் விரிந்து, கழிவு விரைந்து நீங்குகின்றதென அதே ஆண்டில் ராசெஸ்டர் சர்வகலாசாலையார் உரைத்தனர். 2024-இல் லண்டன் ஆராய்ச்சியாளர் சிலர் இதனை மறுத்தெழுதினர், வழக்கு முடியவில்லை.

"துயில் கெடுவதே நோயின் விளைவாயிருக்கலாமே?" எனலாம். நல்ல தடை. பிரிட்டிஷ் அரசாங்க ஊழியர் ஏறத்தாழ 8000 பேரை 25 ஆண்டு தொடர்ந்த ஆராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. ஐம்பது, அறுபது, எழுபது பிராயங்களில் தொடர்ந்து ஆறுமணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்க்கு, ஏழுமணி உறங்கியவரினும் மறதிநோய் 30 சதவிகிதம் மிகுந்திருந்தது. இஃது ஐயத்தை முற்றும் நீக்காது; எனினும் பெரிதும் குறைக்கின்றது. எல்லாரும் படுத்தபின் படுத்து, எல்லார்க்கும் முன் எழும் நம் வீட்டு மாதர்க்கு அவ்வாறு மணியேனும் கிட்டுகின்றதா?

மற்றொன்று. குறட்டையினிடையே மூச்சு நின்று திடுக்கிட்டெழுவாரை நாம் நகையாடுகின்றோம். அது துயிலைத் துண்டாக்கும் நோய், சிகிச்சையும் உண்டு. அத்தகையாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்க.